தினக்கூலியும் வில்லைக் கூலியும்

நம் காலனியில் ஒரு வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கினால், ஜாதகம் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு முன்னரே கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு. “மாப்பிள்ளைக்கு வேலை பர்மனென்ட்டா?” என்பதே அது. முன்பெல்லாம் இதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை கிடைத்துவிடும். இப்பொழுதோ “மூன்றாண்டு கான்ட்ராக்ட்” என்கிறார்கள். “ஏஜென்ஸி மூலமாக” என்கிறார்கள். “யாரிடமும் வேலை செய்யவில்லை, வீட்டிலிருந்தபடியே சொந்தமாக எடுத்துச் செய்கிறான், ஃப்ரீலான்ஸ்” என்கிறார்கள். கேட்கும் பெரியவர்கள் பெருமூச்சு விட்டு, காலம் கெட்டுவிட்டது என்று எழுந்து போகிறார்கள்.

காலம் இப்பொழுதுதான் கெட்டது என்பது சரியன்று. நமக்கெல்லாம் சோறு போடுகின்ற இந்த இருப்புப்பாதையே தற்காலிகக் கூலிகளின் கையால் போடப்பட்டது. அதன் நிலைய மேடைகளிலோ, எந்த முதலாளியும் இன்றித் தன் தோளையே நம்பிப் பிழைத்த மற்றொரு வகையினர் நூறாண்டுக்கும் மேலாக நின்றிருக்கின்றனர். முன்னவர் தினக்கூலி; பின்னவர் கையில் வில்லை கட்டிய போர்ட்டர். இவ்விருவரில் பாதுகாப்பு யாருக்குக் கிடைத்தது, எதனால் கிடைத்தது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுத முற்படுகிறேன்.

நம் கல்யாணிலிருந்து பூனா செல்லும் வண்டி கர்ஜத் நிலையத்தில் நிற்கும்பொழுது, குழந்தைகள் வடாபாவுக்குக் கை நீட்டுவார்கள். பின்புறம் தள்ளுவதற்கு எஞ்சின்கள் வந்து இணையும். அதன் பின் வண்டி ஏறும் மலைதான் போர் காட். 1856 முதல் 1863 வரை அங்கே பாதை போடப்பட்டது. 1,831 அடி ஏற்றம், 25 குகைகள். 1861-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அம்மலைச் சரிவில் வேலை செய்தனர். இவர்களுள் எவரும் கம்பெனியின் ஆள் அல்லர். கம்பெனி வேலையை இங்கிலாந்துக் காண்ட்ராக்டரிடம் விட்டது. அவர் சில்லறைக் காண்ட்ராக்டர்களிடம் பிரித்துவிட்டார். அவர்களுக்குக் கீழே மேஸ்திரி. மேஸ்திரிக்குக் கீழே கூடை சுமந்த ஆணும் பெண்ணும் பிள்ளைகளும். மழைக்காலம் வந்தால் வேலை நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும்.

முதற் காண்ட்ராக்டர் ஃபாவியெல் என்பவரின் காலத்தில், கூலி ஒழுங்காகக் கைக்கு வராமையால் 1859 ஜனவரியில் கலகம் மூண்டது. அவர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அடுத்து வந்த சாலமன் டிரெட்வெல், இந்தியாவில் வந்திறங்கிய சில வாரங்களுக்குள்ளேயே நோயுற்று மாண்டார். அவருடைய மனைவி ஆலிஸ் டிரெட்வெல் ஒப்பந்தத்தைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டு, திறமை வாய்ந்த பொறியாளர்களை வைத்து வேலையை முடித்தார். அந்த அம்மையாரின் துணிவு வியக்கத்தக்கது. காலராவாலும் காய்ச்சலாலும் அங்கே மடிந்த கூலிகளோ ஆயிரக்கணக்கானோர். அவர்கள் பெயர் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. இதனைப் பின்னர் வரப்போகும் செய்திக்காக நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இதே கம்பெனி, அதாவது கிரேட் இந்தியன் பெனின்சுலா ரெயில்வே, 1849-இல் கிழக்கிந்தியக் கம்பெனியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில், லண்டனில் பங்கு வாங்கியவர்களுக்கு 5 சதவிகித வருமானம் உறுதி செய்யப்பட்டிருந்தது. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் இந்தியாவின் வரிப்பணத்திலிருந்து அது போய்ச் சேரும். ஆக, நம் நாட்டு இருப்புப்பாதையில் முதன்முதலில் பர்மனென்ட் ஆனது பணம்தான், மனிதன் அல்லன்.

சட்டமும் அன்று ஒருபக்கமே சாய்ந்திருந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையைப் பாதியில் விட்டுச் சென்றால் அவனைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் 1859-இல் வந்தது. அது 1925-இல்தான் நீக்கப்பட்டது. போர் காட் கலகத்துக்குப் பின் 1860-இல் வேறொரு சட்டம் வந்து, இருப்புப்பாதை முதலான வேலைகளில் கூலித் தகராறுகளை மாஜிஸ்திரேட் உடனுக்குடன் விசாரிக்க வழி செய்தது. அதிலும் வேலையை விட்ட தொழிலாளிக்குத் தண்டனை உண்டு. இன்று ‘கான்ட்ராக்ட்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் பெரியவர்களுக்கு ஓர் அச்சம் தோன்றுகிறதே, அதற்கு இவ்வளவு பழைய வேர் உண்டு.

கம்பெனி தானே சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்ட பணிமனைத் தொழிலாளர்க்காவது உறுதி இருந்ததா என்றால், அதுவும் அரைகுறையே. நம் நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரெயில்வேப் பணிமனையைத் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைக்கு மாற்றி, அதனை ஒட்டி ஆட்குறைப்பும் செய்ய முற்பட்டதால் 1928 ஜூலையில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. பத்தே நாளில் அது ஒடுக்கப்பட்டது. சிங்காரவேலர் உள்ளிட்ட தலைவர்கள் சிறை புகுந்தனர். அவ்வேலைநிறுத்தத்தில் தோற்றவர்களின் குடும்பங்கள் பிழைப்புத் தேடி எங்கெங்கு சென்றன என்பதைப் பழைய குடும்பக் கதைகளில் இன்றும் கேட்கலாம்.

1936-இல் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் வந்து, ஆலைகளிலும் ரெயில்வேயிலும் குறித்த நாளில் கூலி கொடுக்க வேண்டும் என்றது. சுதந்திரத்துக்குப் பின், 1953-இல் தொழில் தகராறுச் சட்டத்தில் செய்த திருத்தம்தான் உண்மையான திருப்பம் என்பது என் கருத்து. ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவனை, ஒரு மாத நோட்டீஸும், ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் வீதம் ஈட்டுத்தொகையும் இன்றி வேலையிலிருந்து குறைக்கக் கூடாது என்று அது கூறிற்று. நாட்களை எண்ண வேண்டிய அவசியம் அன்றுதான் பிறந்தது. எண்ணப்பட்ட நாள், தொழிலாளிக்குச் சொத்தாயிற்று.

எண்ணத் தொடங்கியவுடன், எண்ணிக்கை நிறையாதபடி பார்த்துக்கொள்ளும் சாமர்த்தியமும் பிறந்துவிட்டது. ரெயில்வே விதிப்படி, பாதைப் பராமரிப்பு முதலிய வேலைகளில் ஒரு தினக்கூலி தொடர்ந்து ஆறு மாதம் வேலை செய்தால், பிற்காலத்தில் நான்கு மாதமே செய்தாலும், அவனுக்குத் ‘தற்காலிக அந்தஸ்து’ உண்டு. (வெளியார் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். வெளியுலகில் தற்காலிகம் என்பது தாழ்வு. ரெயில்வேயிலோ கேஷுவலாக இருந்தவன் டெம்பரரி ஆனால் வீட்டில் பாயசம் வைப்பார்கள்!) ஆகவே 120 நாள் நிறைவதற்குச் சில நாட்கள் முன்பாக ஆளை நிறுத்திவிட்டு, சில நாள் கழித்துப் புதியவன் போல் மீண்டும் எடுக்கும் வழக்கம் பல இடங்களில் பரவிற்று. புதிய பாதை, பாலம் போன்ற திட்ட வேலைகளில் இருந்தவர்களுக்கோ இவ்விதியே பொருந்தாது என்று ஒதுக்கிவிட்டார்கள். ஒரு திட்டம் முடிந்தால் அடுத்த திட்டம். கூடாரமும் பாத்திரமும் பெண்டு பிள்ளைகளுமாக அவர்கள் பெயர்ந்துகொண்டே இருந்தார்கள்.

1974 மே 8-ஆம் தேதி முதல் 27-ஆம் தேதி வரை நடந்த அகில இந்திய வேலைநிறுத்தத்தை ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமை தாங்கி நடத்தியதையும், அதனால் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்து 1977-இல் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டதையும் நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். போனஸ் கோரிக்கைதான் பலருக்கு நினைவிருக்கிறது. தினக்கூலிகள் அனைவரையும் நிரந்தரமாக்க வேண்டும் என்பதும் அக்கோரிக்கைகளுள் ஒன்று.

வேலைநிறுத்தத்தால் வராதது நீதிமன்றத்தின் வழியே வந்தது. தெற்கு ரெயில்வேயில் ராபர்ட் டிசௌஸா என்ற தொழிலாளி 1948-இல் தினக்கூலியாகச் சேர்ந்தவர். 1974-இல், வேலைக்கு வரவில்லை என்ற காரணம் காட்டி அவர் பெயர் நீக்கப்பட்டது. இருபத்தாறு ஆண்டுகள் உழைத்த பின்னும் அவர் தினக்கூலியே! வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. அப்படிப் பெயரை நீக்குவதும் ஆட்குறைப்பே என்றும், சட்டப்படியான நோட்டீஸும் ஈட்டுத்தொகையும் இன்றிச் செய்தமையால் அது செல்லாது என்றும் 1982-இல் தீர்ப்பாயிற்று. அடுத்து இந்தர்பால் யாதவ் என்பவர் பெயரால் அறியப்படும் வழக்கு. திட்ட வேலைகளில் 360 நாள் தொடர்ந்து பணி செய்தவர்களுக்குத் தற்காலிக அந்தஸ்து அளித்துப் படிப்படியாக நிரந்தரமாக்க ரெயில்வே ஒரு திட்டம் வகுத்தது. 1984 ஜனவரி 1-ஆம் தேதி வேலையில் இருந்தவர்க்கே அது பொருந்தும் என்றது. நீதிமன்றம் 1985 ஏப்ரலில் அந்தத் தேதியை 1981 ஜனவரி 1-க்கு மாற்றியது. வழக்குத் தொடுக்க வசதியற்று ஊரிலே கிடந்தவனையும் விலக்கிவிடக் கூடாது என்று கருதியது. சீனியாரிட்டிப் பட்டியல் தயாரித்து, முதலில் வந்தவனுக்கு முதலிடம் என்ற முறையையும் வலியுறுத்தியது.

அத்தீர்ப்பு வந்த காலத்தில் நாடெங்கும் பழைய டிரங்குப் பெட்டிகள் திறக்கப்பட்டன. தினக்கூலிக்கு அந்நாளில் ஓர் அட்டை கொடுப்பார்கள். புகைப்படம், இடது கைப் பெருவிரல் ரேகை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வேலை என்ற குறிப்பு, மேற்பார்வையாளர் கையொப்பம் – இவ்வளவே. அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தவன் உள்ளே வந்தான். கரையானுக்கும் மழைக்கும் கொடுத்தவன் வெளியே நின்றான். வேலை செய்ததில் இருவருக்கும் வித்தியாசம் இல்லை.

இனி வில்லைக் கூலிக்கு வருவோம். ‘கூலி’ என்று ஆங்கிலத்தில் புகுந்த சொல் நம் தமிழ்க் கூலியே என்பாரும் உண்டு. குஜராத்துப் பக்கத்துக் கோளி மக்களின் பெயரே திரிந்தது என்பாரும் உண்டு. எதுவாயினும், சிவப்புச் சட்டையும் கையில் பித்தளை வில்லையும் கண்டால் இந்தியா முழுவதும் அவர் யாரென்று தெரியும். 1983-இல் வந்த ‘கூலி’ இந்திப் படத்துக்குப் பின் அவ்வில்லைக்கே ஒரு கம்பீரம் வந்துவிட்டது. இந்திக்காரர்கள் அதைப் பில்லா என்பார்கள்.

அவர் ரெயில்வே ஊழியர் அல்லர். ரெயில்வே அவருக்கு லைசென்ஸ் கொடுக்கிறது; சுமைக்கு இவ்வளவு என்று கட்டணம் விதிக்கிறது; சட்டை கொடுக்கிறது; மேடையில் நிற்க அனுமதிக்கிறது. சம்பளம் கொடுப்பதில்லை. எத்தனை பெட்டி தூக்கினார் என்பது அவருக்கும் பயணிக்கும் மட்டுமே தெரியும். ஒருவகையில் அவர் சுதந்திர புருஷர். மேஸ்திரியின் வசவு இல்லை; விடுப்புக்கு விண்ணப்பம் இல்லை; அறுவடைக் காலத்தில் ஊருக்குப் போய்விட்டு வரலாம். முதுமையிலோ நோயிலோ தம் வில்லையை மகனுக்கோ நெருங்கிய உறவினருக்கோ மாற்றிக் கொடுக்கவும் வழி இருந்தது. விழா நாட்களில் ஒரு கெட்டிக்காரப் போர்ட்டரின் வரும்படி ஒரு கலாசியின் தினச் சம்பளத்தை மிஞ்சியதுண்டு. ‘ஃப்ரீலான்ஸ்’ என்னும் சொல் ஸ்காட் எழுதிய ‘ஐவன்ஹோ’ நாவலில், எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்படாமல் ஈட்டியை வாடகைக்கு விட்ட போர்வீரனைக் குறித்து வருகிறது. நம் போர்ட்டர் தோளை வாடகைக்கு விட்டவர், வேறுபாடு அவ்வளவுதான்.

ஆனால் பெட்டிக்குச் சக்கரம் முளைத்தது. மேடைகளில் நகரும் படிகளும் லிஃப்டும் வந்தன. போர்ட்டரின் சுமை குறைந்தது, வரும்படியும் குறைந்தது. அப்பொழுது அவர் யாரிடம் போய்க் கேட்பது? இருபது ஆண்டு மேடையில் நின்றதற்குச் சான்று அந்த வில்லை ஒன்றுதான். அது அவர் அங்கே நின்றார் என்று சொல்லும். உழைத்த நாளைச் சொல்லாது. 2008-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அமைச்சர் லாலு பிரசாத், லைசென்ஸ் பெற்ற போர்ட்டர்களைக் கேங்மேன்களாக எடுத்துக்கொள்வதாக அறிவித்தார். வயதும் உடல் தகுதியும் பார்த்துப் பலர் எடுத்துக்கொள்ளப்பட்டனர். மகிழத்தக்கதே, எனினும் அது ஓர் அமைச்சர் மனமிரங்கி அளித்த கொடை. டிசௌஸா கேட்டது போல் உரிமை என்று அவர்கள் கேட்டுப் பெற்றதன்று. எஞ்சியவர்கள் அதேபோல் இன்னொரு முறை எடுக்க வேண்டுமென்று இன்றளவும் வேண்டி வருகின்றனர். 2016-இல் அவர்களுக்குச் ‘சஹாயக்’ என்று புதுப் பெயர் சூட்டினார்கள். பெயரில் மரியாதை இருக்கிறது. மாதச் சம்பளம் இல்லை.

இதனாலேயே, தற்காலிக ஒப்பந்தமா சொந்தத் தொழிலா என்று பிள்ளைகள் கேட்கும்பொழுது, இரண்டில் எது உயர்ந்தது என்று நான் விடை சொல்வதில்லை. உன் நாளை யார் எண்ணுகிறார்கள், அந்தக் கணக்கு யார் கையில் இருக்கிறது என்று திருப்பிக் கேட்கிறேன்.

இந்தர்பால் தீர்ப்புக்குப் பின், புதிய முகங்களைத் தினக்கூலியாக எடுப்பதில் கட்டுப்பாடு இறுகிற்று. ஆனால் வேலை குறையவில்லையே! அவ்வேலை மீண்டும் காண்ட்ராக்டரிடம் போயிற்று. 1970-இல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், நிரந்தரத் தன்மையுள்ள வேலையில் ஒப்பந்த முறையையே தடை செய்ய அரசுக்கு அதிகாரம் தந்தது. ஆனால் அப்படித் தடை செய்தாலும் தொழிலாளி தாமாகவே நிறுவனத்தின் ஊழியர் ஆகிவிடமாட்டார் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2006-இல் உமாதேவி வழக்கில், முறையான தேர்வின்றி அரசுப் பணியில் நுழைந்தவர்கள் நீண்டநாள் வேலை செய்ததனால் மட்டும் நிரந்தரம் கோர முடியாது என்றது. தேர்வெழுதிக் காத்திருக்கும் ஆயிரம் இளைஞர்களை எண்ணிப் பார்த்தால் அத்தீர்ப்பிலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. ஆயினும் டிரங்குப் பெட்டியின் அட்டைக்கு இருந்த மதிப்பு அன்றோடு பெரிதும் குறைந்துவிட்டது. 1990-91-இல் ஏறத்தாழ 16.5 இலட்சமாக இருந்த ரெயில்வே நிரந்தர ஊழியர் தொகை, இப்பொழுது ஏறத்தாழ 12 இலட்சம். வண்டிகளோ பெருகியிருக்கின்றன.

மேடை பெருக்கும் பெண்மணியைப் பாருங்கள். காண்ட்ராக்டர் மாறுவார், அவருடைய சட்டையின் நிறமும் மாறும், விளக்குமாறும் மேடையும் மாறா. புதிய காண்ட்ராக்டரிடம் அவருடைய நாட்கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். இதில் ஒரு நல்ல மாறுதல், 2014-இல் சேமநிதி நிறுவனம் கொண்டுவந்த பொது எண். முதலாளி மாறினாலும் அந்த எண் மாறாது. பழைய அட்டையின் பேரன் என்று அதைச் சொல்லலாம். 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிற்சட்டத் தொகுப்புகளில், குறித்த காலத்துக்கு வேலைக்கு எடுக்கப்பட்டவர்க்கு ஓராண்டு பணிக்கே கிராஜுவிட்டி உண்டு. செல்போன் செயலி மூலம் உணவும் பொருளும் கொண்டு கொடுக்கும் பிள்ளைகளும் முதன்முறையாகச் சட்டத்தில் பெயர் பெற்றிருக்கிறார்கள். அவர்கள் நலனுக்காகக் கம்பெனி தன் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவிகிதம் வரை செலுத்த வேண்டும் என்பது விதி. இப்பிள்ளைகள் ஒருவகையில் வில்லை இல்லாத போர்ட்டர்களே. ஆனால் போர்ட்டருக்கு இல்லாத ஒன்று இவர்களுக்கு உண்டு: எத்தனை நடை போனார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்பதெல்லாம் விநாடி சுத்தமாக எழுதப்பட்டிருக்கிறது. எழுதி வைத்திருப்பவர் கம்பெனிக்காரர்.

என் தந்தையாரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் இதை முடிக்க இயலவில்லை. அவர் ஊரிலிருந்து வந்த புதிதில் இரண்டாண்டு ஒரு சில்லறைக் காண்ட்ராக்டரிடம் மண் சுமந்தார். பின்பு ஒரு திட்டத்தில் ரெயில்வேத் தினக்கூலியாகி அட்டை பெற்றார். 1985-க்குப் பின் தற்காலிக அந்தஸ்து; சில ஆண்டுகளில் நிரந்தரம். அவர் ஓய்வுபெற்ற பொழுது ஓய்வூதியக் கணக்கை நானே உட்கார்ந்து சரிபார்த்தேன். நிரந்தரமாக இருந்த காலத்துக்கு முழு நாள். தற்காலிக அந்தஸ்தில் இருந்த காலத்துக்கு, ஒவ்வொரு நாளும் அரை நாள். அதற்கு முந்திய தினக்கூலி நாட்களுக்கும் பாதி உண்டென்று உச்ச நீதிமன்றம் கூறியது 2017-இல்தான். காண்ட்ராக்டரிடம் உழைத்த இரண்டாண்டுக்குப் பாதியும் இல்லை, காலும் இல்லை. அதைக் குறிக்க அந்தத் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை.

தந்தையார் அதைப் பற்றி வருத்தமாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பக்கம் வண்டியில் போகும்பொழுது, குறிப்பிட்ட ஓரிடம் வந்தால் ஜன்னலோரம் இருக்கும் பேரனைக் கூப்பிடுவார். ஒரு சிறு மதகு. மழைக்காலத்தில் அதன் கீழே செம்மண் நீர் ஓடும். “இது நாங்க கட்டினதுடா” என்பார். பையன் திரும்பிப் பார்ப்பதற்குள் வண்டி அதைக் கடந்துவிடும்.